தோட்டம் கலைந்த பின் சமுதாயம் எப்படி நிற்கும்? ஆர்மேனியர்களின் 120 ஆண்டுக் கணக்கும் மூவார் தமிழரும்

மூவார் – ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை எழுந்தபோதே தோட்டத் தமிழர்களின் வாழ்க்கை மாறிவிட்டது. லயன் வீடுகள் காலியாயின. பால்மரத்தை நம்பியிருந்த குடும்பங்கள் நகரத்துத் தாமான்களுக்கு வந்தன. பிள்ளைகள் தளவாடத் தொழிற்சாலைகளுக்கும் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனார்கள். தோட்டத்தில் கோயில், பள்ளி, பாலர் வகுப்பு, பந்துத் திடல் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருந்தன. தாமானில் பக்கத்து வீட்டுத் தமிழரின் பெயரே தெரியாமல் பத்தாண்டு ஓடிவிடுகிறது.

இந்த நிலை தமிழருக்கு மட்டும் வந்ததல்ல. சொந்த மண்ணிலிருந்து துரத்தப்பட்டு உலகமெங்கும் சிதறிய ஒரு சிறிய இனம் இதே கேள்வியை நூறு ஆண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டது. ஆர்மேனியர்கள் அதற்குக் கண்ட விடைகளில் ஒன்று, ஆர்மேனியப் பொது நல ஒன்றியம் என்ற அறநிறுவனம். 1906 ஏப்ரல் 15-ஆம் நாள் எகிப்தின் கைரோ நகரில் தொடங்கப்பட்ட அந்த அமைப்புக்கு 2026 ஏப்ரலில் 120 வயது நிறைகிறது. அது செய்ததில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவையும் உண்டு, தவிர்க்க வேண்டியவையும் உண்டு.

நமக்கு அறிமுகமானவர்கள்தாம்

ஆர்மேனியர் என்றதும் எங்கோ இருக்கும் இனம் என்று தோன்றலாம். ஆனால் தமிழ் மண்ணோடும் மலாயாவோடும் அவர்களுக்குப் பழைய தொடர்பு உண்டு. பினாங்கு ஜார்ஜ்டவுனில் இன்றும் ஆர்மேனியன் தெரு இருக்கிறது. பினாங்கின் ஈ அண்ட் ஓ ஹோட்டலையும் சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் ஹோட்டலையும் நிறுவியவர்கள் சார்க்கிஸ் சகோதரர்கள் என்ற ஆர்மேனியர்கள். சிங்கப்பூரின் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிம், ஆக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மேனியப் பெண்மணியின் பெயரைத் தாங்கியது.

சென்னையில் அவர்கள் விட்டுச் சென்ற தடம் இன்னும் ஆழமானது. உலகின் முதல் ஆர்மேனிய இதழான 'அஸ்தரார்' அச்சானது ஆர்மேனியாவில் அல்ல, மதராஸில்தான். ஆண்டு 1794. நடத்தியவர் ஹாரூத்யூன் ஷ்மாவோனியான் என்ற பாதிரியார். சென்னை அரண்மனைக்காரன் தெருவில் எந்த அரண்மனையும் கிடையாது. ஆர்மேனியக்காரன் என்ற சொல்தான் மக்கள் வாயில் அப்படித் திரிந்தது என்பார்கள். 1772-இல் கட்டப்பட்ட ஆர்மேனியத் தேவாலயம் இன்றும் அந்தத் தெருவில் நிற்கிறது.

சென்னை ஆர்மேனியர்களில் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற வணிகரை நாம் கவனிக்க வேண்டும். அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் 1726-இல் தம் சொந்தப் பணத்தில் பாலம் கட்டிக் கொடுத்தவர் அவர். பரங்கிமலைக்கு ஏறும் படிக்கட்டுகளும் அவர் செய்த தருமமே. பாலத்தைக் கட்டியதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. அதைப் பிற்காலத்தில் பழுதுபார்க்கத் தனி நிதியும் ஒதுக்கி வைத்தார். கட்டுவதற்கு ஒரு பணம், காப்பதற்கு ஒரு பணம் என்ற அந்தப் பழக்கம்தான் பின்னாளில் ஆர்மேனிய அறநிறுவனங்களின் முதுகெலும்பாக அமைந்தது.

விதை நெல்லில் தொடங்கி அனாதை இல்லம் வரை

பொது நல ஒன்றியத்தைத் தொடங்கியவர் போகோஸ் நூபார். எகிப்தின் பிரதமராக இருந்த நூபார் பாஷாவின் மகன். அன்றைய ஒட்டோமான் பேரரசில் வாழ்ந்த ஆர்மேனிய உழவர்களுக்கு விதையும் கருவியும் கொடுத்து, பள்ளிகளை ஆதரிப்பதே முதல் நோக்கமாக இருந்தது. சில ஆண்டுகளிலேயே பல நாடுகளில் நூற்றுக்கு மேற்பட்ட கிளைகள் எழுந்தன.

1915-இல் இனப்படுகொலை வந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மேனியர்கள் மாண்டனர். மிஞ்சியவர்கள் சிரியா, லெபனான், எகிப்து, பிரான்ஸ், அமெரிக்கா என்று சிதறினர். உழவருக்கு உதவப் பிறந்த ஒன்றியம் ஒரே நாளில் அகதிகளின் ஒன்றியமாக மாற வேண்டியதாயிற்று. மூசா மலையிலிருந்து தப்பி எகிப்தின் போர்ட் சைட் முகாமுக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்கு, கூடாரங்களுக்கு நடுவிலேயே பள்ளி தொடங்கப்பட்டது. சோறும் துணியும் கொடுத்த கையே சிலேட்டையும் கொடுத்தது.

பின்னர் அனாதை இல்லங்கள், மருத்துவ உதவி, உபகாரச் சம்பளம் என்று வேலை விரிந்தது. 1928-இல் பாரிசில் நூபார் நூலகம் திறக்கப்பட்டது. அழிந்த ஊர்களின் ஆவணங்களும் படங்களும் நூல்களும் அங்கே சேர்க்கப்பட்டன. வயிறு காயும் மக்களுக்கு நூலகம் எதற்கு என்று கேட்பவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள். ஆனால் தங்கள் ஊர்ப் பெயரையே அறியாமல் வளர்ந்த அனாதைகளின் பேரப்பிள்ளைகளுக்கு, குடும்பக் கதையைத் தேடிப் போக இன்று ஓர் இடம் இருக்கிறது.

சயாம் மரண ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட மலாயாத் தோட்டத் தமிழர்களின் நிலையை இங்கே எண்ணிப் பார்க்கலாம். ஆயிரக்கணக்கானோர் திரும்பி வரவில்லை. போருக்குப் பின் சுவாமி சத்தியானந்தாவின் சுத்த சமாஜம் போன்ற சில அமைப்புகள் ஆதரவற்ற பிள்ளைகளை அரவணைத்தன. ஆயினும் எந்தத் தோட்டத்திலிருந்து யார் போனார், யார் வரவில்லை என்ற விவரத்தைத் தோட்டவாரியாக எழுதி வைக்கும் வேலை அப்போதே நடக்கவில்லை. அந்தத் தலைமுறையோடு பெயர்களும் போய்க்கொண்டிருக்கின்றன.

பண்பாடு என்பது ஆண்டு விழாவா?

ஒன்றியத்தின் தலைமையகம் இப்போது நியூயார்க்கில் இருக்கிறது. முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அதன் பணி நடக்கிறது. லெபனான், அமெரிக்கா, கனடா, ஆர்ஜெண்டினா ஆகிய நாடுகளில் பள்ளிகள் உள்ளன. சாரணர் படை, விளையாட்டுக் குழு, நாடகக் குழு, பாடகர் குழு, கோடை முகாம் ஆகியவையும் உண்டு. 2009 முதல் இணையவழிக் கல்லூரி ஒன்றின் மூலம் ஆர்மேனிய மொழியும் வரலாறும் உலகெங்கும் கற்பிக்கப்படுகின்றன. பல்கலைக்கழக மாணவர்களை நியூயார்க் போன்ற நகரங்களுக்கு வரவழைத்து, பெரிய நிறுவனங்களில் விடுமுறைக் காலப் பயிற்சி பெற வழிசெய்யும் திட்டமும் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது.

அந்தப் பயிற்சித் திட்டத்துக்குச் சேரும் இளைஞருக்கு முதலில் வேண்டியது ஒரு நல்ல நிறுவனத்தில் கால் வைக்கும் வாய்ப்பு. அது கிடைக்கிறது. கூடவே பிற நாட்டு ஆர்மேனிய இளைஞர்களோடு சில வாரம் ஒன்றாகத் தங்குகிறார், உண்கிறார், மொழியைக் கேட்கிறார். "மொழியை மறக்காதே" என்று மேடையில் ஒருவர் முழங்க வேண்டிய தேவை அங்கே எழுவதில்லை.

நம் ஊர்களில் பண்பாடு பெரும்பாலும் நாள்காட்டியோடு நின்றுவிடுகிறது. பொங்கலுக்குக் கோலப் போட்டி, தீபாவளிக்குப் பொட்டலம், திருவிழாவுக்கு அன்னதானம். இவற்றில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் விழா முடிந்த மறுநாளிலிருந்து அடுத்த விழா வரை பதினைந்து வயதுப் பையன் மாலை ஐந்து மணிக்கு எங்கே போவான்? இந்தக் கேள்விக்கு விடை வைத்திருக்கும் சங்கங்கள் குறைவு. தோட்டத்தில் அவனுக்குத் திடல் இருந்தது. தாமானில் கைப்பேசிதான் இருக்கிறது.

ஆபத்துக் காலத்திலும் இந்த அன்றாட வேலைதான் கைகொடுக்கிறது. 1988 டிசம்பர் 7 ஆர்மேனிய நிலநடுக்கம், சிரியாவின் அலெப்போ போர், 2020 பெய்ரூட் துறைமுக வெடிப்பு, 2023 செப்டம்பரில் நாகோர்னோ கராபாக்கிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சில நாள்களில் வெளியேறியது என ஒவ்வொரு முறையும் ஒன்றியம் நிவாரணத்தில் இறங்கியது. ஆள், கணக்கு, கிளை, தொடர்பு எல்லாம் முன்கூட்டியே இருந்ததால்தான் அது முடிந்தது. ஆபத்து வந்த பிறகு குழு அமைப்பவர்கள், முதல் உதவி போய்ச் சேரும் முன் தலைவர் யார் என்ற கூட்டத்திலேயே இருப்பார்கள்.

அவர்கள் சறுக்கிய இடங்கள்

ஒன்றியத்தின் கதையில் வெற்றி மட்டும் இல்லை. சைப்ரஸ் தலைநகர் நிக்கோசியாவில் மெல்கோனியான் கல்விக்கூடம் என்ற புகழ்பெற்ற விடுதிப்பள்ளி இருந்தது. புகையிலை வணிகத்தில் செல்வம் சேர்த்த மெல்கோனியான் சகோதரர்கள், படுகொலையில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காகத் தங்கள் சொத்தைக் கொடுத்து 1926-இல் உருவாக்கியது அது. உலகெங்கும் ஆர்மேனிய ஆசிரியர்களையும் எழுத்தாளர்களையும் தந்த அந்தப் பள்ளியை 2005-இல் ஒன்றியம் மூடியது. பழைய மாணவர்கள் கொதித்தெழுந்தனர். வழக்கு வரை போனது. விலைமதிப்புள்ள நிலத்துக்காகவே பள்ளி மூடப்பட்டது என்று அவர்கள் குற்றம் சாட்டினர். காலத்துக்கு ஏற்ற கல்வியை அங்கே தொடர முடியவில்லை என்பது ஒன்றியத்தின் வாதம்.

யார் சொன்னது சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். கொடையாளி ஒரு நோக்கத்துக்குக் கொடுத்த சொத்தின் தலைவிதியை, தொலைதூரத்தில் இருக்கும் நிர்வாகம் தீர்மானித்தபோது, அந்தப் பள்ளியில் படித்தவர்களுக்கு அதில் குரல் இல்லாமல் போனது. பணம் இருந்தும், பெயர் இருந்தும், மக்களின் நம்பிக்கை உடைந்தது. அமெரிக்காவின் பாசடீனாவில் நடந்த ஒன்றியத்தின் உயர்நிலைப்பள்ளியும் 2020-இல் மூடப்பட்டது.

மொழியிலும் அவர்களுக்குக் கவலை உண்டு. சிதறிய ஆர்மேனியர்களில் பெரும்பாலோர் பேசிய மேற்கு ஆர்மேனியத்தை, அழியும் அபாயத்தில் உள்ள மொழிகளில் ஒன்றாக யுனெஸ்கோ 2010-இல் வகைப்படுத்தியது. நூறாண்டுப் பள்ளிகளும் கோடிக்கணக்கில் பணமும் இருந்தும் இந்த நிலை. வீட்டில் பேசாத மொழியைப் பள்ளி மட்டும் காப்பாற்றிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இடங்களின் கதையும் அப்படியே. சிங்கப்பூர் ஹில் தெருவில் 1835-இல் கட்டப்பட்ட ஆர்மேனியத் தேவாலயம் தேசிய நினைவுச் சின்னமாக இன்றும் நிற்கிறது. பினாங்கில் அதற்கும் முன்பே கட்டப்பட்ட ஆர்மேனியத் தேவாலயம் இடிக்கப்பட்டுவிட்டது. தெருப்பெயர்தான் மிச்சம். கல்கத்தாவில் 1821-இல் தொடங்கிய ஆர்மேனியக் கல்லூரியோ, உள்ளூர் ஆர்மேனியர்கள் அருகிப் போன பின்னும், முன்னோர் விட்டுச் சென்ற அறக்கொடையின் பலத்தில் ஆர்மேனியாவிலிருந்தும் ஈரான், ஈராக்கிலிருந்தும் பிள்ளைகளை வரவழைத்துப் படிக்க வைக்கிறது. ஆள் குறைந்தாலும் முறையாக எழுதி வைத்த அறக்கட்டளை நிலைக்கும். அது இல்லாவிட்டால், ஆள் குறையும்போது கட்டடமும் போய்விடும்.

நாமும் செய்து காட்டியவர்கள்தாம்

ஆர்மேனியர்களுக்குக் கோடீஸ்வரர்கள் இருந்தார்கள், நமக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஒன்றியத்தை 1953 முதல் 36 ஆண்டுகள் தலைமையேற்று நடத்திய அலெக்ஸ் மனூகியான், அமெரிக்காவில் தண்ணீர்க் குழாய்த் தொழிலில் பெரும் செல்வம் சேர்த்தவர். தோட்டப் பாட்டாளிகளின் வழிவந்த சமுதாயத்தில் அப்படிப்பட்ட கொடையாளிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஆனால் இதே நாட்டில், பால்மரம் சீவிய கைகளே பெரிய காரியம் செய்திருக்கின்றன. சுதந்திரத்துக்குப் பின் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, வேலையும் வீடும் ஒரே நேரத்தில் பறிபோயின. அப்போது துன் வீ.தி. சம்பந்தன் முன்னின்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளியாகக் கட்டித் தொழிலாளர்கள் சேர்ந்தனர். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. தோட்டத்தில் கூலியாக இருந்தவன் தோட்டத்துக்குப் பங்காளியானான்.

அதற்கும் முன்னே 1950-களில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டினார். தோட்டத் தொழிலாளர்களும் தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். பல்கலைக்கழக வாசலை மிதித்திராதவர்கள் கொடுத்த வெள்ளியில் பல்கலைக்கழக நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் வந்தன. கொடுக்கும் மனம் நமக்குப் புதிதன்று.

மூவாரிலேயே கண்ணெதிரில் இன்னொரு பாடம் இருக்கிறது. 1912-இல் தோன்றிய சுங் ஹுவா பள்ளி, இன்று சீனச் சமுதாயத்தின் நன்கொடையில் நடக்கும் தனியார் இடைநிலைப்பள்ளி. கடைக்காரரும் தொழிற்சாலை முதலாளியும் பழைய மாணவரும் சேர்ந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அதைத் தாங்கி வருகின்றனர். பினாங்கையும் பாரிசையும் பார்ப்பதற்கு முன் பக்கத்துத் தெருவைப் பார்த்தாலும் போதும்.

மூவாருக்கு என்ன பொருந்தும்?

நாட்டில் தமிழ்ப்பள்ளி மாணவர் எண்ணிக்கை ஒரு காலத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது. இப்போது அது 80,000-ஐ ஒட்டி இருக்கிறது. மூவார் வட்டாரத்தில் ஜாலான் காலிடி தமிழ்ப்பள்ளி நகரத்தில் இருக்கிறது. லானாட்ரோன், தெமியாங் ரெஞ்சோங் போன்ற பள்ளிகள் இன்னும் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. பெயரில் தோட்டம் இருந்தாலும் தோட்டத்தில் குடும்பங்கள் குறைந்துவிட்டன. பள்ளியைக் காப்பது என்பது இனி பள்ளிக்கூட வேலியோடு முடியும் வேலையல்ல.

ஆர்மேனிய அனுபவத்திலிருந்து நான்கு காரியங்களை இங்கே எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, காப்பு நிதி. வரும் நன்கொடை முழுவதையும் அந்த ஆண்டே விழாவுக்குச் செலவிட்டால், அடுத்த ஆண்டு மீண்டும் வெறுங்கைதான். பத்தில் ஒரு பங்கையாவது தொடாத நிதியாக ஒதுக்கி, அதன் வருமானத்தில் மட்டும் கல்வி உதவி செய்வது என்று ஒரு சங்கம் முடிவெடுத்தால், இருபது ஆண்டில் அது யாரிடமும் கையேந்த வேண்டியிராது. 'மித்ரா' வழியாக அரசு ஆண்டுக்கு 10 கோடி வெள்ளி ஒதுக்குகிறது. அதற்கு விண்ணப்பிப்பது நம் உரிமை. ஆனால் அமைச்சு மாறினால் விதி மாறும், விதி மாறினால் உதவி தாமதமாகும். மானியத்தைக் கூடுதல் பலமாகக் கொள்ளலாம், உயிர்மூச்சாகக் கொள்ள முடியாது.

இரண்டாவது, ஒழுங்கான கணக்கு. ஆண்டுக்கூட்டம் நடந்த 60 நாள்களுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும் என்று 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டம் சொல்கிறது. இதை விட்டுவிட்டுப் பதிவை இழந்த சங்கங்களும் உண்டு. வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்கு நன்கொடை கொடுப்பவர் வரிச்சலுகை பெறலாம். சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் நல்ல சம்பளம் வாங்கும் மூவார்ப் பிள்ளைகள் ஊருக்குக் கொடுக்கத் தயங்குவது மனமில்லாமல் அல்ல. கொடுத்த பணம் எங்கே போகும் என்ற ஐயம்தான் காரணம். தணிக்கை செய்த கணக்கைக் கோயில் பலகையிலும் புலனக் குழுவிலும் போடும் சங்கத்துக்குப் பணம் தானாக வரும்.

மூன்றாவது, வாரந்தோறும் நடக்கும் வேலை. ஒரு பள்ளி மண்டபத்தில் சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் போதும். எஸ்.பி.எம். மாணவருக்குக் கணிதமும் அறிவியலும், இளையவருக்குச் சிலம்பமோ காற்பந்தோ உறுமி மேளமோ, தாய்மாருக்குச் சிறுதொழில் விளக்கம். ஊரிலேயே தச்சு, தளவாடம், வாகனப் பழுதுபார்ப்பு, தாதிமை, கணக்கியல் துறைகளில் தேர்ந்த தமிழர்கள் இருக்கிறார்கள். விடுமுறையில் ஒரு மாணவரைத் தம்மோடு வைத்துப் பழக்கிவிடுவது அவர்களுக்குச் செலவில்லாத தருமம்.

நான்காவது, பெயர்ப் பதிவு. மூவார் வட்டாரத் தோட்டங்களில் பிறந்த தாத்தா பாட்டிகள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். எந்த லயனில் யார் இருந்தார், கோயிலை யார் எழுப்பினார், சயாமுக்கு யார் போனார், பள்ளியில் யார் பாடம் சொன்னார் என்று அவர்களைக் கேட்டுக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்ய ஓர் இடைநிலைப்பள்ளி மாணவரால் முடியும். பழைய படங்களையும் பள்ளிப் பதிவேடுகளையும் நகலெடுத்து வைக்கலாம். நூபார் நூலகமும் இப்படிச் சேர்ந்த தாள்களில் வளர்ந்ததுதான்.

இதற்கெல்லாம் குறுக்கே நிற்பது பணம் மட்டும் அல்ல என்பது ஊருக்கே தெரியும். ஒரு தாமானுக்கு இரண்டு கோயில், ஒரு கோயிலுக்கு இரண்டு நிர்வாகம், ஒரு நிர்வாகத்துக்கு இரண்டு கட்சி என்ற நிலையில் ஒரே சங்கமாகச் சேர்வது நடக்காத காரியம். ஆர்மேனியர்களும் அப்படிச் சேர்ந்தவர்கள் அல்லர். அவர்களுக்குள் கட்சிப் பிளவும் திருச்சபைப் பிளவும் கடுமையாக இருந்தன, இருக்கின்றன. ஆனாலும் பிள்ளைகளின் படிப்பு, அகதிகளின் சோறு என்ற சில காரியங்களை அந்தச் சண்டைக்கு வெளியே வைத்தார்கள். மூவாரிலும் சங்கங்கள் தனித்தனியாகவே இருக்கட்டும். கல்வி நிதி ஒன்று மட்டும் பொதுவாக, எந்தத் தலைவரின் பெயரிலும் இல்லாமல், ஒவ்வொரு சங்கமும் ஒருவரை அனுப்பும் அறங்காவலர் குழுவின் கையில் இருந்தால் போதும். அதில் பெண்களுக்கும் முப்பது வயதுக்கு உட்பட்டோருக்கும் இடம் உறுதியாக இருக்க வேண்டும். பள்ளி நிலம், கோயில் நிலம் பற்றிய முடிவுகளில் அங்கே படித்தவர்களும் வழிபடுபவர்களும் வாக்களிக்க வேண்டும். மெல்கோனியான் பள்ளியின் பழைய மாணவர்களுக்கு இல்லாமல் போன அந்த உரிமையை நாம் விதியிலேயே எழுதி வைக்கலாம்.

மாதம் 10 வெள்ளி கட்டித் தோட்டம் வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மூவாரில் ஒரு மாதக் கைப்பேசிக் கட்டணமாகவே அதைவிட அதிகம் கட்டுகிறார்கள். நூறு குடும்பம் மாதம் 10 வெள்ளி கொடுத்தால் ஆண்டுக்கு 12,000 வெள்ளி. அடுத்த ஆண்டுக்கூட்டத்துக்கு அழைப்பு வரும்போது, விழா வரவு செலவோடு இந்தக் கணக்கையும் எடுத்துப் பேச ஓர் உறுப்பினர் எழுந்து நின்றால், அதுவே தொடக்கமாக இருக்கும்.